சீமை மைதானத்தில் வெறுங்கால் வீரர்

1897ஆம் ஆண்டு சனவரி மாதம் 15ஆந் திகதி, மேலைநாட்டு யாத்திரையை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறையில் இறங்கினார். கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் எனப் பயணஞ் செய்து பாம்பனைச் சேர்ந்து, பின்னர் சென்னையை அடைந்தார். அங்கு அவர் ஆற்றிய சொற்பொழிவொன்றில் இளைஞரை நோக்கிக் கூறிய ஒரு கருத்து பலரைத் திடுக்கிடச் செய்தது. கீதையைப் படிப்பதிலும் பார்க்க உதைபந்தாடுவதால் சுவர்க்கத்தை விரைவில் அணுகலாம் என்பதே அது. உடலில் உரமும் நரம்பில் வலிவும் ஏறிய பின்னரே கீதையின் பொருள் நன்கு விளங்கும் என்பதையும் சுவாமிகள் உடன் சேர்த்தே கூறினார். முற்பாதியை மட்டும் மனத்திற் பதித்துக்கொண்டு மாலை வேளையில் மைதானத்துக்கு ஓடும் இளைஞர் எக்காலத்திலும் உளர். பிற்பாதியையும் அவர்கள் சற்றே நினைவிற் கொள்வார்களாக.

சுவாமிகள் பிறந்த அதே கல்கத்தா நகரத்தில், அவர் சென்னையிற் பேசி ஏழு ஆண்டுகள் கழித்து ஓர் இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்து, வெறுங்காலோடு பிரித்தானியாவின் புகழ்பெற்ற கழகமொன்றின் மைதானத்தில் இறங்கி ஆடிய முகம்மது சலீம் என்பவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறேன். திருகோணமலைத் துறைமுகத்து இளைஞர் இக்கதையை அறிந்திருத்தல் தகும். ஏனெனில் இது துறைமுகத்திலே தொடங்கிக் கப்பலேறிச் சென்று, மீண்டும் துறைமுகத்துக்கே திரும்பி வந்த கதை.

உதைபந்தாட்டம் கப்பலேறி உலகைச் சுற்றிய விளையாட்டு. ஆங்கிலேயரின் கப்பல்கள் நங்கூரமிட்ட துறைகளிலெல்லாம் மாலுமிகளோடும் வணிகரோடும் பந்தும் இறங்கிற்று. தென்னமெரிக்காவிற் புவனஸ் அயர்ஸ், இத்தாலியிற் ஜெனோவா, இந்தியாவிற் கல்கத்தா என்று அப்பட்டியல் நீளும். நமது துறைமுகமும் அதற்கு விலக்கன்று. 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆந் திகதி பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை, கப்பற்படையினரின் ஆட்டம் இவ்வூரார் கண்டு பழகிய காட்சி. சப்பாத்து அவர்களுடைய காலில் இருந்தது. நம் சிறுவரின் காலில் இருந்தது மணல்.

கல்கத்தாவிலும் இதே நிலைதான். அங்கே 1893இல் ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியும், 1898இல் லீக் போட்டியும் தொடங்கின. பரிசுகளெல்லாம் ஆங்கிலப் பட்டாளத்து அணிகளுக்கும் வெள்ளையர் கழகங்களுக்குமே சென்றன. 1889இல் நிறுவப்பெற்ற மோகன் பகான் கழகம் 1911ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி அவ்வழக்கத்தை மாற்றியது. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யோர்க்சயர் பட்டாளத்தை அது எதிர்த்தாடியது. முதலில் கோல் போட்டவர்கள் பட்டாளத்தார். பின்னர் தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் அபிலாஷ் கோஷ் அடித்த பந்து வெற்றியைத் தந்தது. இரண்டுக்கு ஒன்று! பதினொரு வீரருட் பத்துப் பேர் வெறுங்காலர். சுதிர் சட்டர்ஜி ஒருவரே சப்பாத்து அணிந்திருந்தார். அன்று வங்காளம் முழுவதும் கொண்டாடிய வெற்றி ஒரு விளையாட்டின் வெற்றி மாத்திரமன்று என்பதை நான் விரித்துக் கூறவேண்டியதில்லை. அப்போது சலீமுக்கு வயது ஏழு.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காய்ந்த தரையில் வெறுங்கால் காட்டும் வித்தையை மழைச் சேற்றிற் காட்ட முடியாது. 1923இல் மோகன் பகான் மீண்டும் கேடய இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மழையில் ஊறிய மைதானத்தில், சப்பாத்தணிந்த கல்கத்தா எப்.சி. கழகத்தார் மூன்று கோல்களாற் தோற்கடித்தனர். அக்காலத்தில் மோகன் பகானின் தலைவராயிருந்தவர், பின்பகுதியிற் கோட்டைச் சுவர்போல் நின்று ஆடிய கோஷ்ட பால். அவரே 1933இல் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி நமது இலங்கைக்கு வந்து, ஒரு கோலால் வென்று சென்றவர். 1962இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவரைப்பற்றி இன்னொரு மலரில் யாரேனும் எழுதுவாராக.

சலீம் பிறந்தது 1904இல், கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில். ஹூக்ளி நதிக்கரையிற் கப்பற்றுறைகளுக்கும் பட்டறைகளுக்கும் அருகாமையில் அமைந்த பகுதி அது. அயோத்தி அரசை ஆங்கிலேயர் 1856இற் பறித்துக்கொண்டபோது, முடியிழந்த நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறித் தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்ததும் அங்கேதான். இசையும் நடனமும் அறிந்த அரசரின் சுற்றம் ஒருபுறம், துறைமுகத் தொழிலாளர், தையற்காரர் குடியிருப்புக்கள் மறுபுறம். சலீமின் குடும்பம் வசதி படைத்ததன்று. படிப்பிற் பெரிய நாட்டமின்றிப் பந்தில் நாட்டங்கொண்ட பிள்ளை; அக்குறை எந்தத் துறைமுகத்துப் பெற்றோருக்கும் புதியதன்று. கல்கத்தாவிற் பல கழகங்களில் ஆடிப் பழகி, வலது ஓர முன்னணி ஆட்டக்காரராகப் பெயரெடுத்தபின், முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் நிலைபெற்றார்.

இக்கழகத்தைப்பற்றி இரண்டொரு வார்த்தை கூறுதல் அவசியம். 1891இல் நிறுவப்பெற்ற இது, 1934ஆம் ஆண்டு முதற் பிரிவுக்கு ஏறிய அதே ஆண்டிற் கல்கத்தா லீக் வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அதற்குமுன் எந்த இந்தியக் கழகமும் அதை வென்றதில்லை. அதன்பின் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கிண்ணம் வேறு கைக்கு மாறவில்லை. இதன் இரகசியம் என்ன? நாட்டின் பல பாகங்களிலிருந்தும், தூரத்துப் பெங்களூரிலிருந்துங்கூட, வீரர்களைத் தேடிச் சேர்த்தது ஒன்று. மழை நாட்களிற் சப்பாத்தணிந்து ஆடுமாறு வீரர்களைப் பழக்கியது மற்றொன்று. கோஷ்ட பாலின் அணி சேற்றிற் பட்ட பாட்டை இவர்கள் மறக்கவில்லை போலும். ஒரு சமயத்தாரின் பெயரில் அமைந்த கழகம் அது. நமது சங்கமும் அவ்வாறு அமைந்ததே. தன் இளைஞரைத் திரட்டி அவர்களுக்கு நல்வழி காட்டும்வரை அத்தகைய கழகம் நாட்டுக்கு நன்மையே செய்யும். அடுத்த தெருவாரை வெறுக்கக் கற்பிக்கத் தொடங்கும் நாளில் அதன் கதவை அடைத்துவிடலாம். பிற்காலத்துக் கல்கத்தாவில் விளையாட்டு அரங்கமும் வகுப்புப் பகைமைக்கு ஆளான வருத்தமான செய்தியை வரலாறு அறிந்தோர் அறிவர்.

1936ஆம் ஆண்டுக்கு வருவோம். பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டுக்குப் புறப்பட்ட சீன உதைபந்தாட்ட அணி, வழிச்செலவுக்குப் பணமின்றி, ஊரூராகக் காட்சி ஆட்டங்கள் ஆடி, டிக்கெட் விற்ற பணத்திற் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. வியட்நாம், சிங்கப்பூர், ஜாவா, மலாயா, பர்மா என்று ஆடிக்கொண்டே கல்கத்தாவுக்கு வந்து, யூலை 4ஆந் திகதி இந்திய அணியோடு மோதி ஒன்றுக்கொன்று என்று சமநிலையில் முடித்தது. (பெர்லினுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது களைத்துப் போயிருந்தனர், பிரித்தானியாவிடம் இரண்டு கோல்களால் தோற்றனர். பணமில்லாதவன் பந்தாடப் போவதும் ஒரு தவந்தான்.) சீனரோடு ஆடிய ஆட்டத்திற் சலீம் காட்டிய திறமையைப் பலரும் வியந்தனர். அடுத்த ஆட்டத்துக்கும் அவர் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆளைக் காணவில்லை! விளையாட்டுச் சங்கத்தார் பத்திரிகையில் விளம்பரஞ் செய்து தேடினர் என்பர். தேடப்பட்டவரோ கப்பலில் இருந்தார். சீமையில் வாழ்ந்து ஊருக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் அவரது ஆட்டத்தைக் கண்டு, இத்திறமைக்கு இடம் ஐரோப்பாவே என்று வற்புறுத்தித் தம்மோடு அழைத்துச் சென்றுவிட்டார்.

சீமையில் அந்நாளில் உதைபந்தாட்டம் ஒரு தொழில். இங்கிலாந்தில் 1885இலும் ஸ்கொட்லாந்தில் 1893இலும் ஆட்டக்காரருக்குச் சம்பளங் கொடுப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஆயினும் 1901 முதல் இங்கிலாந்தில் வாரம் நாலு பவுணுக்கு மேல் எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று விதி செய்தனர். அரங்கில் முப்பதினாயிரம் பேர் கூடினாலும் வீரனுக்கு அதே நாலு பவுண். கழகத்தின் சம்மதமின்றி வேறு கழகத்துக்குப் போகவும் முடியாது. பின்னர் தொகை சிறிது சிறிதாக உயர்ந்ததேயன்றி, உச்சவரம்பு 1961இலேதான் நீங்கியது.

வெள்ளையரல்லாதவருக்கு அத்தொழிலில் என்ன வரவேற்பு இருந்தது? வோல்ற்றர் டல் என்பவரின் வாழ்க்கை இதற்கு விடை கூறும். பார்பேடோஸ் தீவிலிருந்து வந்த கறுப்பினத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1888இற் பிறந்தவர் அவர். பெற்றோரை இழந்து இலண்டன் அநாதை இல்லமொன்றில் வளர்ந்தார். 1909இல் டொட்டன்ஹாம் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் பிரிஸ்டல் நகரத்தில் நடந்த ஆட்டமொன்றில், பார்வையாளர் சிலர் அவருடைய நிறத்தைச் சொல்லி இழிமொழிகளை வீசினர். அவர் பொறுமையோடு ஆடினார். ஆனால் சிறிது காலத்துக்குள் கழகம் அவரை இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டது. 1911இல் நோதாம்ரன் கழகத்துக்கு மாறி, அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிப் புகழ் பெற்றார். முதல் உலகப் போரிற் சேர்ந்து, கறுப்பினத்தார் அதிகாரிகளாவதற்குத் தடையிருந்த படையிலே அதிகாரியுமாகி, 1918 மார்ச் 25ஆந் திகதி பிரான்சுப் போர்க்களத்தில் மடிந்தார். அவருடைய உடல் கிடைக்கவில்லை. அவருடைய சகோதரரைத் தத்தெடுத்து வளர்த்தது கிளாஸ்கோ நகரத்துக் குடும்பமொன்று. அச்சகோதரர் பல் வைத்தியராகி அந்நகரிலே தொழில் செய்தார்.

அந்தக் கிளாஸ்கோ நகரத்துக்கே சலீமும் போய்ச் சேர்ந்தார். அங்குள்ள செல்ரிக் கழகமும் ஏழைக் குடியேறிகளால் உண்டானது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிவந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருங்கி வாழ்ந்த கத்தோலிக்க மக்களின் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிப்பதற்காக, வோல்பிரிட் என்னும் துறவுச் சகோதரர் 1887இல் அதனை அமைத்தார். பந்தாடிச் சேர்த்த பணம் அடுப்புக்குப் போயிற்று. அதன் நிருவாகி வில்லி மேலி, விவேகானந்தர் சென்னையிற் பேசிய அதே 1897ஆம் ஆண்டிற் பொறுப்பேற்றவர். 1936இலும் அவரே அப்பதவியில் இருந்தார். அவ்வாண்டு செல்ரிக் ஸ்கொட்லாந்தின் லீக் வெற்றிக் கிண்ணத்தை வென்றிருந்தது. ஜிம்மி மக்குரோரி என்ற அவர்களது வீரர் அப்பருவத்தில் லீக் ஆட்டங்களில் மாத்திரம் ஐம்பது கோல்கள் போட்டிருந்தார். இத்தகைய கழகத்தின் வாசலிற் போய் நின்று, இந்தியாவிலிருந்து ஒரு வீரர் வந்திருக்கிறார், பரீட்சித்துப் பாருங்கள், ஒரு சிறு விஷயம், அவர் வெறுங்காலோடு ஆடுபவர் என்று உறவினர் கூறினாராம். மேலி முதலிற் சிரித்தாராம். சிரித்தாலும் வாய்ப்பை மறுக்கவில்லை. பரீட்சையிற் சலீம் தேறினார்.

இரண்டாம் அணிகள் ஆடும் அலையன்ஸ் லீக்கில் அவருக்கு இடங்கொடுத்தனர். ஆட்டத்துக்கு முன் அவருடைய பாதங்களுக்குத் துணிக்கட்டுச் சுற்றிவிட்டவர் ஜிம்மி மக்மெனமி. இளமையிற் செல்ரிக்கின் ஒப்பற்ற வீரராயிருந்து, பின் பயிற்சியாளரானவர் அவர். குனிந்திருந்து சலீமின் காலுக்குக் கட்டுப்போடும் நிழற்படம் இன்றும் உண்டு. அப்படத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: கல்கத்தாவில் அதே ஆண்டில் ஒரு வெள்ளையர் ஒரு மெட்டியாபுரூஸ்க்காரரின் காலைத் தொட்டிருப்பாரா?

ஓகஸ்ட் 28ஆந் திகதி, வெள்ளிக்கிழமை மாலை. கோல்ஸ்ரன் அணியோடு ஆட்டம். செல்ரிக் ஏழு கோல்கள் போட்டது. அவற்றுள் மூன்று சலீமின் காலிலிருந்து புறப்பட்ட பந்தால் வந்தவை. மறுநாள் ஸ்கொட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை, இந்தியச் செப்படி வித்தைக்காரர் என்ற கருத்துப்படத் தலைப்பிட்டு அவரைப் புகழ்ந்தது. பந்தைப் பெருவிரலில் நிறுத்தி, சுண்டுவிரல்வரை உருள விட்டு, சுழற்றி, எதிரியைச் சுற்றி ஒற்றைக்காலிற் தாவி, நடுவில் நிற்பவனுக்குத் தட்டிவிடுவார்; அவன் செய்யவேண்டியது அதைக் கோலுக்குள் தள்ளுவது ஒன்றே என்று அது வியந்தெழுதியது. தண்ட உதை அடிக்கும்படி கேட்டபோது கூச்சப்பட்டு மறுத்துவிட்டார் என்றும் குறிப்பிட்டது. ஹமில்ரன் அணியோடு ஆடிய மற்றோர் ஆட்டத்திலும் செல்ரிக் ஐந்துக்கு ஒன்று என்று வென்றது.

புகழுரையிலும் ஓர் ஏளனத்தின் நிழல் உண்டு. இந்தியன் என்றவுடன் வித்தைக்காரனும் பாம்பாட்டியும் அவர்கள் நினைவுக்கு வருவது வழக்கமாயிருந்தது. ஆயினும் விரல் விரலாகப் பார்த்து எழுதியவன் ஆட்டத்தை உண்மையாகவே கூர்ந்து கவனித்திருக்கிறான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சலீம் செல்ரிக்கின் முதலணியில் ஆடிக் கிண்ணங்கள் வென்றார் என்பதுபோல நம்மவர் சிலர் மிகைபடப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இரண்டாம் அணியில் இரண்டே ஆட்டங்கள், அவ்வளவுதான். முதலணியில் அவருக்குரிய வலது ஓரத்தில் அப்போது இருந்தவர் ஜிம்மி டிலேனி. ஸ்கொட்லாந்து நாட்டுக்கே ஆடியவர். அவரைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பது எவருக்கும் எளிதன்று. நம் பெரியோரின் பெருமையைக் கூட்டிச் சொல்வதால் அது கூடுவதில்லை. இரண்டு ஆட்டங்களை எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கழகத்தார் நினைவிற் வைத்திருக்கிறார்கள் என்பதே போதிய பெருமை.

சலீமுக்கு ஊர் ஏக்கம் வந்துவிட்டது. குளிரும் மொழியும் உணவும் ஒத்திருக்கவில்லை என்று நாம் ஊகிக்கலாம். கடலுக்கப்பால் வேலைக்குச் சென்ற பிள்ளைகளையுடைய தாய்மார் இவ்வூரிற் பலர், அவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்தப் பருவம் முழுவதும் தங்கி ஆடும்படி செல்ரிக் கேட்டது. அவருக்காக ஒரு தர்ம ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகவும் கூறியது என்றும், அப்பங்கை ஆட்டம் பார்க்க அழைக்கப்பட்டிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடும்படி சலீம் சொன்னார் என்றும், அது 1,800 பவுண் என்று பின்னர் அறிந்தபோதும் சொன்ன சொல்லை மாற்றவில்லை என்றும் அவருடைய குடும்பத்தார் சொல்லி வந்தனர். வாரத்துக்கு நாலு பவுண் வாங்கியவர்களின் கதையை மேலே பார்த்தோம். வாசகர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்கத்தாவுக்குத் திரும்பிய சலீம் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கிற் சேர்ந்து 1937, 1938ஆம் ஆண்டுகளின் லீக் வெற்றிகளிலும் பங்குகொண்டார்.

வெறுங்கால் ஆட்டம் அவரோடு முடிந்துவிடவில்லை. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் அணியிற் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்தாடினர். பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு தண்ட உதைகளை வீணாக்கி, ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றாலும், ஆங்கில மக்கள் கைதட்டிப் பாராட்டினர். ஆனால் 1952இல் ஹெல்சிங்கி நகரத்துக் குளிரில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று தோற்கடித்தபோது கைதட்டலுக்கு இடமிருக்கவில்லை. அதன்பின் இந்தியர் சப்பாத்தைக் கட்டாயமாக்கினர். 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நாலாவது இடத்தைப் பெற்றனர். ஆகவே சலீமைக் காட்டிச் சப்பாத்து வேண்டாம் என்று வாதிடும் இளைஞர், அவருடைய சொந்தக் கழகமே மழையிற் சப்பாத்தணிந்ததை நினைத்துப் பார்க்கட்டும். வெறுங்கால் வறுமையாலும் பழக்கத்தாலும் வந்தது. அதிலிருந்து ஒரு கலையை உண்டாக்கியது சலீமின் திறமை.

பின்னாளில் முதுமையும் நோயும் அவரை வருத்தின. அப்போது அவருடைய மகன், தந்தையின் வைத்தியச் செலவுக்கு உதவி தேவை என்று கிளாஸ்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் அணியில் இரண்டு முறை ஆடிச் சென்ற ஒருவரை அங்கு எவரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறிய அவருக்கு ஆசை. கடிதத்துக்குப் பதில் வந்தது. உறையினுள்ளே 100 பவுணுக்கு ஒரு வங்கி உண்டியலும் இருந்தது.

சலீம் 1980இற் காலமானார். உண்டியலை மகன் மாற்றவில்லை. அதைத் தம் வாழ்நாள் முழுவதும் பத்திரமாய் வைத்திருப்பேன் என்று பின்னர் கூறினார்.